மூன்று நிமிடத்தில் கடலில் விழும் பாகத்துக்கு ஐந்து மாதம்

ஆர்பிட்டர் என்பது மார்ட்டின் ஷ்வைகர் எழுதி, 2000-ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைக்கும் விண்வெளிப் பயண சிமுலேட்டர். அதில் பறக்கும் ராக்கெட்டுகளில் பெரும்பாலானவை ஆர்வலர்கள் செய்து கொடுக்கும் ஆட்-ஆன்கள், அதாவது தனியே சேர்த்துக்கொள்ளும் இணைப்புகள். சம்பளம் கிடையாது, கெடுவும் கிடையாது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்து அதற்காக இஸ்ரோவின் பிஎஸ்எல்வி ராக்கெட்டைச் செய்தவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு என்னால் ஆன பதில்கள் இவை.

கேள்வி (லாஸ்பேட்டை, கல்லூரி மாணவர்): அண்ணா, மூன்று வருடமாக ஜிஎஸ்எல்வி செய்துகொண்டிருக்கிறேன். வெளியிடலாம் என்று நினைக்கும்போதெல்லாம் ஒரு குறை கண்ணில் படுகிறது. எப்போது போதும் என்று நிறுத்துவது?

பதில்: தம்பி, குறை கண்ணில் படட்டும். எந்தக் குறை மட்டும் படுகிறது என்று பாருங்கள். என் பிஎஸ்எல்வியின் வெப்பக் கவசத்தில் எழுத்துகள் வளைவில் சற்று இழுபட்டுத் தெரிந்தன. அதைச் சரிசெய்ய ஐந்து மாதம் உட்கார்ந்தேன். டெக்ஸ்சரை, அதாவது மேலே ஒட்டும் படத்தை, பதினோரு முறை மாற்றினேன். அந்தக் கவசமோ ஏவிய மூன்று நிமிடம் போலக் கழன்று கடலில் விழுந்துவிடும்!

கடைசியில் வெளியிட்டேன். மறுநாளே நெய்வேலிப் பையன் ஒருவன் கேட்டான்: "சார், ஆறு பூஸ்டரும் ஒரே நேரத்தில் எரிகின்றனவே?" நான் செய்தது பிஎஸ்எல்வியின் எக்ஸ்எல் வகை. அதன் பக்கவாட்டில் உள்ள ஆறு பூஸ்டர்களில், அதாவது துணை ராக்கெட்டுகளில், நான்குதான் தரையில் பற்றும். மற்ற இரண்டும் 25 நொடி வாக்கில் வானத்தில் பற்றும். இது எனக்குத் தெரியாததா? தெரியும். அதைச் சரிசெய்ய நிரலைத் திறக்க வேண்டும், உந்துவிசைக் கணக்கை மறுபடி போட வேண்டும். எழுத்துக்கு வண்ணம் பூசுவது சுகமான வேலை, அதனால் அங்கேயே இருந்துவிட்டேன். அதைத்தான் வெளியில் எல்லோரிடமும் "நேர்த்தி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

உங்கள் ஜிஎஸ்எல்வி ஏவுதளத்திலிருந்து கிளம்பிச் சரியான சுற்றுப்பாதையில் செயற்கைக்கோளை விடுகிறதா? விடுகிறது என்றால் இந்த வாரமே வெளியிடுங்கள். குறைகளை உடன் வைக்கும் கோப்பில் எழுதிவிடுங்கள்.

கேள்வி (விருத்தாசலம்): முதலில் மெஷ்ஷா (ராக்கெட்டின் முப்பரிமாண உருவம்), நிரலா?

பதில்: நிரல். வெறும் உருளையைப் பறக்கவிட்டுப் பாருங்கள், அழகு பிறகு.

கேள்வி (வில்லியனூர், பள்ளி ஆசிரியை): ஐயா, நிரலில் அப்படி எந்த இடம் உங்களைப் பயமுறுத்தியது?

பதில்: திருப்பம், அம்மா. துருவப் பாதைக்குப் போகும் பிஎஸ்எல்வி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேரே தெற்கே போனால் இலங்கையின் மேல் பறக்க வேண்டியிருக்கும். அதனால் முதலில் தென்கிழக்காகப் போய், பிறகு தெற்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் எரிபொருள் வீணாகிறது. நிஜ ராக்கெட்டுக்கே அது சுமை. என் தானியங்கி விமானியோ திருப்பத்தில் தலைகுப்புற விழுந்துகொண்டே இருந்தது. எத்தனை இரவுகள்! ஒருநாள் விடியற்காலை நாலு மணிக்கு முதல் முறையாக ஒழுங்காகத் திரும்பியது. மனைவியை எழுப்பிக் காட்டினேன். "பால்காரர் வந்துவிட்டாரா?" என்று கேட்டுவிட்டு அவர் தூங்கிப்போனார்.

கேள்வி (சிதம்பரம்): சார், எல்விஎம்3 செய்து தருவதாகச் சொல்லி எத்தனை வருடம் ஆகிறது? அந்த ராக்கெட் ஏவிய சந்திரயான்-3 கூட 2023-இல் நிலவில் இறங்கிவிட்டது.

பதில்: கோபம் நியாயமானது. சாக்கு சொல்லாமல் நடந்ததைச் சொல்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் இருந்த எங்கள் முந்திரி மரங்கள் ஒன்று பாக்கியில்லாமல் சாய்ந்தன. பல நாள் மின்சாரம் இல்லை. அதன்பின் இரண்டு வருடம் கணினியில் ராக்கெட்டைத் திறக்கவே இல்லை. திறந்தபோது, முன்பு உயிர்போகிற காரியமாகத் தெரிந்தது விளையாட்டாகத் தெரிந்தது. பிறகு மகள் பிறந்தாள். இடையில் பிஎஸ்எல்வியும் மாறிக்கொண்டே இருந்தது. எக்ஸ்எல் வகையை முடித்து மூச்சு விடுவதற்குள் 2019-இல் இரண்டு பூஸ்டர் உள்ள டிஎல், நான்கு பூஸ்டர் உள்ள கியூஎல் என இரண்டு புதிய வகைகள் பறந்துவிட்டன.

வாழ்க்கையில் முன்னுரிமை மாறுவதில் தப்பில்லை. மாறிவிட்டது என்று சொல்லாமல் "அடுத்த மாதம்" என்று தள்ளிக்கொண்டே போனதுதான் என் தப்பு. எல்விஎம்3 நான் செய்யப்போவதில்லை. பாதி முடிந்த மெஷ் கோப்பு இருக்கிறது, யார் கேட்டாலும் தருகிறேன்.

கேள்வி (முத்தியால்பேட்டை): சிமுலேட்டரில் புதிய பதிப்பு வந்தால் பழைய ஆட்-ஆன் கெட்டுப்போகிறதே, அப்படியானால் நேர்த்தியாகச் செய்து என்ன பயன்?

பதில்: 2016 பதிப்பில் கோள்களின் தரைக்கு மேடுபள்ளம் வந்தது. அதுவரை வழவழப்பான உருண்டைதான். தரையைத் தொடும் புள்ளிகளுக்கும் விறைப்பு, தணிப்பு என்று புதிய எண்கள் கொடுக்க வேண்டியதாயிற்று. எழுதியவர் கைவிட்ட ஆட்-ஆன்களில் எவை பிழைத்தன தெரியுமா? பெரும்பாலும் மூல நிரலைத் திறந்து வைத்தவை. அப்பல்லோ பயணங்களுக்கான நாஸ்ப் என்னும் ஆட்-ஆனைப் பாருங்கள். அப்பல்லோ கணினியின் அசல் நிரலையே எமுலேட்டரில், அதாவது அந்தக் கணினியைப் போலவே நடிக்கும் மென்பொருளில், ஓட்டுகிறது. இருபது வருடத்துக்கு மேலாகக் கை மாறிக் கை மாறி வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆர்பிட்டரின் மூல நிரலே 2021-இல் திறக்கப்பட்டுவிட்டது. ஆகவே உங்கள் நேர்த்தியை நிரலின் விளக்கக் குறிப்புகளில் காட்டுங்கள். பின்னால் வருபவர் திட்டாமல் படிப்பார்.

கேள்வி (நெய்வேலி): சார், ஆறு பூஸ்டர் விஷயத்தைக் கேட்ட பையன் நான்தான். அதைச் சரிசெய்துவிட்டீர்களா?

பதில்: செய்துவிட்டேன், இரண்டு மாலையில் முடிந்தது. நீங்கள் இப்போது என்ன செய்கிறீர்கள்? அந்த எல்விஎம்3 மெஷ் வேண்டுமா?