பேட்டன்டுக்கு மதிப்புப் போடும் வேலை: ஓர் அப்பாவுக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

மகள் மெட்டீரியல்ஸ் சயின்ஸில் எம்.டெக். முடிக்கிறாள், ஆனால் முதலீட்டாளர்களுக்காக பேட்டன்ட், அதாவது காப்புரிமை, எவ்வளவு பெறும் என்று மதிப்பிடும் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள், படித்த படிப்பு வீணாகிவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள். வீணாகாது. அந்தப் படிப்பு இல்லாதவர் இந்த வேலையில் தடுமாறித்தான் போவார்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று ஏராளமான மின்சார வாகனங்களின் பேட்டரியில் இருப்பது அதுதான். 1990களில் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழு அதைக் கண்டறிந்து காப்புரிமை வாங்கியது. ஆனால் அந்தப் பொருளில் மின்சாரம் சரியாக ஓடாது. துகளின் மேல் மெல்லிய கரிப்பூச்சு கொடுத்த பிறகுதான் அது நன்றாக உழைத்தது. அந்தப் பூச்சுக்குக் காப்புரிமை தனி. கனடாவின் மின் நிறுவனம் ஹைட்ரோ-கியூபெக், பிரான்ஸின் அரசு ஆராய்ச்சி அமைப்பு சி.என்.ஆர்.எஸ். போன்றோர் பெயரில். முதல் காப்புரிமையை மட்டும் பார்த்துப் பணம் போட்டவருக்குப் பாதிக் கதைதான் தெரிந்திருக்கும். 2022 வாக்கில் முக்கியக் காப்புரிமைகள் காலாவதியாகிவிட்டன. பொருள் அதேதான், விற்பனை கூடிக்கொண்டே போகிறது. அந்தக் காப்புரிமைகளை வைத்து இனி ராயல்டி, அதாவது பயன்படுத்துவோர் கட்டும் உரிமைத் தொகை, கேட்க முடியாது.

உங்கள் மகள் பார்க்கப்போவது இதைத்தான். ஒரு காப்புரிமையின் உயிர் அதன் கிளைம்களில், அதாவது எதெல்லாம் தனக்கே உரியது என்று எல்லை வகுக்கும் வரிகளில், இருக்கிறது. ‘700 முதல் 800 டிகிரியில் சுட்ட துகள்’ என்று எழுதியிருக்கிறது என்று வையுங்கள். போட்டியாளர் 600 டிகிரியில் சுட்டு அதே தரத்தை எடுத்துவிட்டால் அவரைத் தடுப்பது கடினம். 600ல் அந்தத் தரம் வருமா? ஆய்வகத்தில் ஐந்து கிராம் வந்தது, ஆலையில் ஒரு டன் வருமா? உலை பக்கத்தில் நின்று கை சுட்டுக்கொண்டவர்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். கணக்கு அப்புறம்தான். இந்தக் காப்புரிமை நம்மிடம் இல்லையென்றால் வெளியே எவ்வளவு ராயல்டி கட்டியிருப்போம், மீதமுள்ள ஆண்டுகளுக்கு அதன் இன்றைய மதிப்பு என்ன என்று பார்ப்பது பரவலான முறை. அதைச் சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம்.

அதனால் முதல் இரண்டு மூன்று ஆண்டு ஏதாவது ஒரு நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை பார்க்கட்டும். கூடவே இந்தியக் காப்புரிமை அலுவலகம் நடத்தும் பேட்டன்ட் ஏஜென்ட் (பிறருக்காகக் காப்புரிமை விண்ணப்பங்களைக் கையாள்பவர்) தேர்வை எழுதட்டும். 21 வயதும் அறிவியல் அல்லது பொறியியல் பட்டமும் இருந்தால் போதும், சட்டப் படிப்பு தேவையில்லை. சொத்துகளுக்குச் சட்டப்படி மதிப்புச் சொல்லும் ‘பதிவுபெற்ற மதிப்பீட்டாளர்’ தகுதிக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம். காப்புரிமை போன்ற சொத்துகள் வரும் பிரிவுக்கு நிதித்துறைத் தகுதியும் அனுபவமும் கேட்பார்கள். ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: நம் ஊரில் இந்த வேலைக்கு இடங்கள் குறைவு. ஆரம்பச் சம்பளத்தை மென்பொருள் வேலையோடு ஒப்பிட்டு அவளை வருத்தாதீர்கள்.

என்னிடம் வந்த ஒரு மாணவர் ஒரு சிறு நிறுவனத்தின் காப்புரிமையைப் பெருமையாகக் காட்டினார். காப்புரிமைகளைத் தேடிப் பார்க்கும் அரசின் ‘இன்பாஸ்’ தளத்தில் தேடினோம். புதுப்பிப்புக் கட்டணம் கட்டாததால் அது செத்தே போயிருந்தது. அவர் முகம் மாறியது இன்னும் நினைவிருக்கிறது.

அந்தத் தளம் இலவசம். சோடியம் அயனி பேட்டரி பற்றிய ஒரு காப்புரிமையை மகளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அது உயிரோடு இருக்கிறதா, முதல் கிளைம் எதைப் பிடிக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று ஒரு பக்கம் எழுதட்டும். சரி, அதை எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள். அவள் எழுதியதை வைத்தே பேசுவோம்.