அமிலம் ஏற்றும் கப்பல் ஏன் அரித்துப்போவதில்லை?

கேள்வி: மணலிச் சாலையில் ‘அமிலம்’ என்று எழுதிய டேங்கர் லாரிகளைப் பார்த்தாலே ஒதுங்கி நிற்கிறோம். கப்பல்களோ ஆயிரக்கணக்கான டன் கந்தக அமிலத்தை ஏற்றிச் செல்கின்றன என்கிறார்கள். இரும்பாலான கப்பலை அது அரித்துவிடாதா?
— வாசகி, திருவொற்றியூர்

பதில்: அடர் கந்தக அமிலத்தைவிட, தண்ணீர் கலந்து நீர்த்துப்போன கந்தக அமிலமே இரும்புக்குப் பெரிய பகை. 93 முதல் 98 விழுக்காடு வரை அடர்த்தியுள்ள அமிலம் சாதாரண எஃகின் மேல் இரும்பு சல்பேட் படலம் ஒன்றை உண்டாக்குகிறது; அந்தப் படலமே அடுத்த அரிப்பைத் தடுக்கிறது. குழாயில் அமிலத்தை மிக வேகமாக ஓடவிட்டால் படலம் உரிந்துவிடும் என்பதால், சாதாரண எஃகுக் குழாய்களில் பம்பின் வேகத்துக்கு வரம்பு வைக்கிறார்கள். இக்காலக் கப்பல்களில் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிகளே இதற்குப் பயன்படுகின்றன.

தண்ணீர் புகுந்துவிட்டால் நிலைமை தலைகீழாகும். கொதிப்பது ஒருபுறம் இருக்க, நீர்த்த அமிலம் இரும்போடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியேற்றும். காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே அது தீப்பிடிக்கக்கூடிய வாயு. ஆகவேதான், 1986 ஜூலை 1-க்குப் பிறகு கட்டப்பட்ட ரசாயனக் கப்பல்களுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பு, கடல்நீரைத் தொடும் கப்பலின் வெளித்தகடே அமிலத் தொட்டியின் சுவராக இருக்கக் கூடாது என்கிறது. பக்கத்து அறைகளில் கசிவைக் கண்டறியும் கருவியும், குழாய் இணைப்புகளில் அமிலம் பீய்ச்சி அடிக்காதபடி மறைப்பும், கீழே சொட்டுத் தட்டும் வேண்டும். மேல்தளத்தில் உடம்பைக் கழுவும் ஷவரும் கண் கழுவும் குழாயும் தயாராக இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், இவை அத்தனையிலும் அதிகக் கவனம் வேண்டியது சரக்கு இறங்கி முடிந்து ஹோஸைக் கழற்றும் நேரத்தில்தான். உள்ளே தேங்கிய அமிலத்தை முழுவதும் வடித்த பிறகே போல்ட்டைத் தளர்த்த வேண்டும்; எல்லாரும் களைத்திருக்கும் அந்த வேளையில் அவசரமும் கூடவே வந்துவிடும்.

இன்னொரு சிக்கல் எடை. இந்த அமிலம் தண்ணீரைவிட ஏறக்குறைய 1.84 மடங்கு கனமானது. அதனால் அவ்வளவு எடைக்காகக் கட்டப்படாத தொட்டியை முழுதும் நிரப்ப முடியாது. அரைகுறையாக நிரம்பிய தொட்டியில் திரவம் பக்கத்துக்குப் பக்கம் சாய்ந்தோடி, கப்பலின் நிலைத்தன்மையைக் குறைக்கும். 2011 ஜனவரியில் ஜெர்மனியின் ரைன் ஆற்றில், சுமார் 2,400 டன் கந்தக அமிலத்தோடு சென்ற ‘வால்ட்ஹோஃப்’ என்ற சரக்குக் கப்பல் கவிழ்ந்தது. நிலைத்தன்மை போதாமல் போனதே காரணம். பணியாளர் நால்வரில் இருவர் உயிரிழந்தனர். பிறகு தண்ணீர் புகுந்த தொட்டியில் ஹைட்ரஜன் சேர்ந்திருந்ததால் மீட்புப் பணி மிகுந்த எச்சரிக்கையோடு நடந்தது. அமிலத்தின் ஒரு பகுதியை அளவறிந்து மெல்ல மெல்ல ஆற்றிலேயே விடவும் நேர்ந்தது.

கேள்வி: காமராஜர் துறைமுகத்துக்கு வரும் நிலக்கரியும் கப்பலை அரிக்கும் என்று அங்கே வேலை செய்யும் உறவினர் சொன்னார். உண்மையா? எங்கள் மாடிக் கம்பிகள் துருப்பிடிப்பதற்கும் கரித்தூள்தான் காரணமா?
— வாசகர், அத்திப்பட்டு

பதில்: உறவினர் சொன்னது உண்மைதான். கந்தகம் மிகுந்த கரியில் ஈரம் சேர்ந்தால் அமிலநீர் ஊறி, சரக்கறையின் அடியிலுள்ள பில்ஜ் குழிகளில் இறங்கும். 2011 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்ட திண்மச் சரக்குகளுக்கான விதித்தொகுப்பின்படி, அந்த நீரின் அமிலத்தன்மையைப் பயணத்தின்போது தவறாமல் சோதிக்க வேண்டும். அரிப்பு நேரும் என்று தெரிந்தால், பில்ஜ் குழிகளை நீரின்றி வைத்திருக்க வேண்டியது கேப்டனின் பொறுப்பு. கந்தகத்தையே மொத்தமாக ஏற்றும் கப்பல்களில், வீட்டுக்கு வெள்ளையடிப்பது போலச் சரக்கறையின் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக் காயவைத்த பிறகே ஏற்றுவார்கள். ஊறிவரும் அமிலத்தைச் சுண்ணாம்பு முறித்துவிடும்.

உங்கள் மாடிக் கம்பிகளைப் பொறுத்தவரை, முதல் குற்றவாளி கடற்காற்றில் வரும் உப்பு. ஈரத்தோடு படிந்து தேங்கும் கரித்தூள் அதற்குத் துணை போகலாம். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, துருவைச் சுரண்டிவிட்டு ரெட் ஆக்சைடு பூசிய பிறகு பெயிண்ட் அடியுங்கள். தூளைத் துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைத்தெடுப்பது நுரையீரலுக்கு நல்லது.