சாஃப்ட் ஃபில்டர் வாங்குவதற்கு முன்

வெயிலில் எடுத்த முகங்கள் எச்பி5 கறுப்பு-வெள்ளை ஃபிலிமில் கரடுமுரடாக வருகின்றன, படத்தை மென்மையாக்கும் சாஃப்ட் ஃபில்டர் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சிக்கல் கூர்மையில் இல்லை, கான்ட்ராஸ்டில்தான், அதாவது வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாட்டில்தான்.

லென்ஸில் மாட்டியிருக்கும் சிவப்பு ஃபில்டரை முதலில் கழற்றுங்கள். திறந்த வெளியில் நிழல் பகுதிக்கு வெளிச்சம் பெரும்பாலும் நீல வானத்திலிருந்து வருகிறது. சிவப்பு அதைத் தடுத்துவிடுவதால் கண்ணுக்குக் கீழே மை அப்பியது போல் ஆகிறது. அப்புறம், முடிந்தால் ஆளை நிழலுக்கு நகர்த்துங்கள். வெயிலில்தான் எடுத்தாக வேண்டுமென்றால் லைட் மீட்டரில் ஃபிலிம் வேகத்தை (ஐஎஸ்ஓ) 400க்குப் பதில் 200இல் வைத்து, ஃபிலிமை டெவலப் செய்யும் நேரத்தைக் குறையுங்கள். ஐடி-11 டெவலப்பர் கரைசலில், மேற்கொண்டு நீர் கலக்காமல், 20 டிகிரியில் ஏழரை நிமிடம் என்கிறீர்கள் அல்லவா, அதை 6 நிமிடமாக்கிப் பாருங்கள். நிழலில் விவரம் தங்கும், நெற்றியும் வெளுத்துப் போகாது.

அதற்குப் பிறகும் பழைய படங்களில் வெளிச்சம் சுற்றிலும் மெல்லப் பரவியிருக்குமே, அந்தத் தோற்றம் வேண்டுமென்றால் டிஃப்யூஷன் ஃபில்டர் (நீங்கள் கேட்ட சாஃப்ட் ஃபில்டர்தான்) சரி. ஆனால் கேமராவில் போடுங்கள். நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போடும் என்லார்ஜரில் போட்டால் எல்லாம் தலைகீழ்: வெளிச்சம் நிழலுக்குள் பரவுவதற்குப் பதில் கறுப்பு வெள்ளைக்குள் கசியும். சிலருக்கு அது பிடிக்கும். முகத்தில் எனக்கு அது அழுக்காகத்தான் தெரிகிறது.