மகளுக்குக் கொடுக்கப்போகும் வாட்ச்: பிளாட்டினமா, ஒயிட் கோல்டா?

கேள்வி: எனக்கு 48 வயது. வேலையில் 25 ஆண்டுகள் முடித்ததற்காக நிறுவனம் ஒரு தொகை கொடுத்திருக்கிறது. வாழ்நாளில் ஒரே ஒரு நல்ல வாட்ச் வாங்கி, தினமும் கட்டிக்கொண்டு, பிறகு மகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எனக்குப் பிடித்த மாடல் ஒயிட் கோல்டிலும் வருகிறது, பிளாட்டினத்திலும் வருகிறது. பிளாட்டினம் கால் பங்கு விலை கூடுதல். கையில் வந்த பணம் ஒயிட் கோல்டுக்குச் சரியாக இருக்கும். பிளாட்டினம் என்றால் ஒரு வைப்பு நிதியை உடைக்க வேண்டும். “பிளாட்டினம் அபூர்வமான உலோகம், விலை ஏறத்தான் செய்யும்” என்கிறார் விற்பனையாளர். “தங்கம்னா எப்பவும் காசு” என்கிறார் என் மனைவி. முதலீடு என்ற வகையில் எது சரி?

பதில்: இருபத்தைந்து ஆண்டு உழைப்பின் அடையாளமாகக் கையில் ஒன்றைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறீர்கள். அதில் தவறே இல்லை. ஆனால் அந்த ஆசைக்கு முதலீடு என்று பெயர் வைத்தால்தான் வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். அப்படிப் பெயர் வைத்தவுடன்தான் தப்பான கணக்குகள் உள்ளே நுழைகின்றன. விற்பனையாளர் சொன்னதிலும் உங்கள் மனைவி சொன்னதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எவ்வளவு என்று பார்த்துவிடலாம்.

முதலில் உலோகத்தின் மதிப்பு. எந்திரம், கண்ணாடி, ஸ்ட்ராப் எல்லாம் நீங்கலாக, கேஸுக்கு, அதாவது எந்திரத்தைச் சுற்றியுள்ள வெளிக்கூட்டுக்கு மட்டும் 4 கன சென்டிமீட்டர் உலோகம் போகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 18 காரட் ஒயிட் கோல்டு ஒரு கன சென்டிமீட்டர் சுமார் 15.5 கிராம் இருக்கும். ஆக கேஸின் எடை 62 கிராம். அதில் முக்கால் பங்குதான் தங்கம், அதாவது 46.5 கிராம். வாட்ச்களில் வழக்கமாக வரும் 950 பிளாட்டினம் அதைவிட அடர்த்தியானது, கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 20.5 கிராம். அதே கேஸ் 82 கிராம் வரும், அதில் 95 சதவீதம் பிளாட்டினம், அதாவது 78 கிராம்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கிராம் பிளாட்டினத்தின் விலை ஒரு கிராம் தங்கத்தின் விலையில் 60 சதவீதமாக இருந்தால் இரண்டு கேஸ்களின் உலோக மதிப்பும் சமம். அதற்குக் கீழே போனால் ஒயிட் கோல்டு கேஸில்தான் அதிக மதிப்பு. மேலே போனால் பிளாட்டினத்தில். வாங்கப் போகும் நாளில் இரண்டின் விலையையும் பார்த்து இந்த ஒரு வகுத்தலைப் போட்டுவிடுங்கள். கால் பங்கு கூடுதலாகக் கொடுத்து வாங்கும் வாட்சில், உருக்கினால் கிடைக்கும் மதிப்பு குறைவாகவே இருக்கக்கூடும் என்பதைப் பலர் நம்பவே மாட்டார்கள்.

அப்படியானால் கூடுதல் விலை எதற்கு? பெரும்பகுதி செய்கூலிக்கு. தங்கம் 1064 டிகிரி செல்சியஸில் உருகும், பிளாட்டினத்துக்கு 1768 டிகிரி வேண்டும். கடையும்போது அது கருவியோடு ஒட்டி இழுக்கும், கருவி சீக்கிரம் மழுங்கும், பாலிஷ் போடவும் நேரம் அதிகம். இதோடு நிறுவனங்கள் பிளாட்டினத்தைத் தங்கள் வரிசையின் உச்சத்தில் வைத்து, குறைந்த எண்ணிக்கையில் செய்கின்றன. அந்தக் கௌரவத்துக்கும் ஒரு விலை உண்டு. செய்கூலியும் கௌரவமும் உருக்கும்போது திரும்பி வராது. வாட்சாகவே விற்றால், வாங்குபவர் விரும்பினால் மட்டும் ஒரு பங்கு திரும்பும்.

இனி “அபூர்வம், அதனால் விலை ஏறும்” என்ற வாதம். அபூர்வம் என்பது உண்மைதான். சுரங்கத்திலிருந்து வரும் பிளாட்டினத்தில் சுமார் 70 சதவீதம் தென்னாப்பிரிக்கா என்ற ஒரே நாட்டிலிருந்து வருகிறது. ஆனால் விலையைத் தீர்மானிப்பது அபூர்வம் மட்டுமில்லை, யாருக்கு எதற்குத் தேவைப்படுகிறது என்பதும்தான். தங்கத்தை மத்திய வங்கிகள் கையிருப்பாக வைத்திருக்கின்றன. பிளாட்டினத்துக்கு அப்படி ஒரு புகலிடம் இல்லை. அதன் பெரிய வாடிக்கையாளர் வாகனத் தொழில், குறிப்பாக டீசல் வண்டிகளின் புகையைச் சுத்தம் செய்யும் கருவி. 2008 மார்ச்சில் ஒரு அவுன்ஸ் பிளாட்டினம் 2,000 டாலருக்கு மேல், தங்கம் 1,000 டாலரை ஒட்டி. பிளாட்டினம் தங்கத்தைப்போல் இரண்டு மடங்கு. அந்த ஆண்டு முடிவதற்குள் பிளாட்டினம் பாதிக்கும் கீழே சரிந்தது. 2015 முதல் தங்கம் நிலையாக முந்திவிட்டது. 2020 ஆகஸ்டில் தங்கம் 2,000 டாலரைத் தாண்டியபோது, பிளாட்டினம் அதில் பாதி விலைக்குக்கூட வரவில்லை. அதாவது பன்னிரண்டே ஆண்டுகளில் கணக்கு தலைகீழாகிவிட்டது. நாளை மறுபடியும் திரும்பலாம், திரும்பாமலும் இருக்கலாம். 2008இல் அபூர்வம் என்ற ஒரே காரணத்தை நம்பிக் கூடுதல் விலை கொடுத்தவருக்கு அந்த உலோகம் கைகொடுக்கவில்லை.

உங்கள் மனைவி சொல்வது இதைவிட உறுதியான பேச்சு. ஆனால் அது நாணயத்துக்கும் கட்டித் தங்கத்துக்கும் பொருந்தும் அளவுக்கு வாட்சுக்குப் பொருந்தாது. இந்தத் தரத்து வாட்சில் உலோகத்தின் மதிப்பு பெரும்பாலும் மொத்த விலையில் ஒரு சிறு பங்கு. தங்கம் வாங்குவதுதான் நோக்கம் என்றால் தங்கமாகவே வாங்குவது மேல் என்று அவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், அவர் சொல்ல வந்ததும் அதுதான்.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது அந்த வைப்பு நிதிதான். ஒயிட் கோல்டு வாட்ச் 100 என்றால் பிளாட்டினம் 125. இடையில் உள்ள 25, ஆண்டுக்கு 7 சதவீதக் கூட்டு வட்டியில் 20 ஆண்டுகள் இருந்தால் 97 ஆகும். நிறுத்தி யோசியுங்கள்: அந்த வித்தியாசப் பணம் மட்டுமே ஒயிட் கோல்டு வாட்சின் இன்றைய விலையை ஏறக்குறைய எட்டிவிடுகிறது. உங்கள் மகள் கையில் வாட்ச் போய்ச் சேரும் நாளில், பிளாட்டினம் வாட்ச் ஒயிட் கோல்டைவிட அவ்வளவு கூடுதலாக விலை போனால்தான் நீங்கள் எடுத்த முடிவு பண ரீதியாகச் சமன்படும். எந்த உலோகத்தின் மேலும் அப்படி ஒரு பந்தயம் கட்டச் சொல்ல எனக்கு மனம் வராது. முதிர்வுக்கு முன் உடைப்பதால் இழக்கும் வட்டியை நான் இதில் சேர்க்கவே இல்லை.

இவ்வளவு சொன்னாலும் பிளாட்டினத்தின் பக்கம் ஒரு நேர்மையான வாதம் இருக்கிறது, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. தினமும் கட்டும் வாட்சில் கீறல் விழும். தங்கத்தில் கீறினால் சிறு துகள் உதிர்ந்து போய்விடுகிறது. பிளாட்டினத்தில் உலோகம் உதிராமல் பக்கவாட்டில் ஒதுங்குகிறது, உழுத நிலத்தில் மண் இரு பக்கமும் குவிவதுபோல. கீறல் சுலபமாகவே விழும், ஆனால் எடை அநேகமாக அப்படியே இருக்கும். நாற்பது ஆண்டுகளில் பலமுறை பாலிஷ் போட்ட தங்கக் கேஸின் கூர்மையான ஓரங்கள் மழுங்கி, சோப்புக்கட்டி போல ஆவதுண்டு. அதனால்தான் சேகரிப்பாளர்கள் பாலிஷ் போடாத பழைய வாட்சுக்கு அதிக விலை கொடுக்கிறார்கள். எந்த உலோகத்தை வாங்கினாலும் இதை மனதில் வையுங்கள்: சர்வீஸுக்குக் கொடுக்கும்போது “பாலிஷ் வேண்டாம்” என்று எழுதிக் கொடுங்கள். பல இடங்களில் கேட்காமலேயே போட்டுவிடுவார்கள்.

ஒயிட் கோல்டில் ஒரு கேள்வியை வாங்கும் முன்பே கேட்க வேண்டும். தங்கத்தை வெளுக்கப் பல்லேடியமோ நிக்கலோ சேர்க்கிறார்கள். அப்படியும் லேசான மஞ்சள் தங்கிவிடும் கலவைகளின் மேல் ரோடியம் என்ற வெள்ளை உலோகத்தைப் பூசுகிறார்கள். அந்தப் பூச்சு மைக்ரான் கணக்கில்தான் இருக்கும், சட்டைக் கை உரசும் இடங்களில் முதலில் தேயும், பிறகு மறுபூச்சு. பல்லேடியம் அதிகம் உள்ள கலவை சாம்பல் கலந்த வெண்மையாக இருக்கும், பூச்சு இல்லாமலேயே நிற்கும். இந்த மாடல் எந்த வகை என்று தெளிவாகக் கேளுங்கள். நிக்கல் சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரும், மகளின் தோலையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

எடையைப் பற்றிக் கடைசியாகச் சொல்லலாம் என்று இருந்தேன், ஆனால் என் அனுபவத்தில் பெரும்பாலும் முடிவை மாற்றுவது அதுதான். என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஒருவர் நீண்ட யோசனைக்குப் பிறகு முழுப் பிளாட்டினம் பட்டை வைத்த வாட்சை வாங்கினார். கம்பீரமாக இருந்தது. நாளெல்லாம் கணினியில் தட்டச்சு செய்பவர் அவர். மூன்று மாதத்தில் அது லாக்கருக்குப் போய்விட்டது. அந்தக் கனத்துக்காகவே பிளாட்டினத்தைக் காதலிப்பவர்களும் உண்டு, அவர்களுக்கு வேறு எதுவும் வாட்சாகவே தோன்றாது. நீங்கள் எந்த ரகம் என்பது விலைப்பட்டியலைப் பார்த்தால் தெரியாது. இரண்டையும் தலா அரை மணி நேரம் கையில் கட்டி, எழுதிப் பாருங்கள், கையை வீசி நடந்து பாருங்கள்.

மற்றவர்கள் கண்ணுக்கு இரண்டும் ஸ்டீல் போலத்தான் தெரியும். அதனால்தான் தயாரிப்பாளர்களே அடையாளம் வைக்கிறார்கள். படேக் பிலிப் தன் பிளாட்டினம் வாட்ச்களின் கேஸ் ஓரத்தில் வழக்கமாக ஒரு சின்ன வைரத்தைப் பதிக்கிறது. ரோலெக்ஸில் பனிநீல டயல் பிளாட்டினத்தின் அடையாளம். வாங்கும்போது கேஸின் பின்பக்கத்து முத்திரையையும் பாருங்கள்: 18 காரட் தங்கத்துக்கு 750, பிளாட்டினத்துக்கு 950.

ரீசேல் பற்றி ஒரே வார்த்தை. பழைய வாட்ச் சந்தையில் பட்டியல் விலையைத் தாண்டிப் போனவற்றில் பெரும்பாலானவை ஆளாளுக்குத் தேடிய ஸ்டீல் மாடல்கள். 2022 தொடக்கத்தில் உச்சம் தொட்ட அந்த விலைகளும் பிறகு இறங்கின. விலையைத் தாங்குவது முதலில் மாடல், அடுத்து வாட்சின் நிலை, பெட்டி, ரசீது. உலோகம் அதற்கும் பிறகுதான்.

உங்கள் நிலையில் நான் ஒயிட் கோல்டையே வாங்குவேன், அதுவும் வந்த தொகைக்குள் முடித்துக்கொண்டு. வைப்பு நிதியைத் தொடாமல், ஆறு மாதச் செலவுக்கான கையிருப்பும் தனியாக இருந்து, கட்டிப் பார்த்ததும் பிளாட்டினத்தைக் கழற்ற மனமே வரவில்லை என்றால், ஓராண்டு பொறுத்து வித்தியாசத்தைச் சேமித்துவிட்டு அதை வாங்குங்கள். இவ்வளவு ஆண்டு காத்திருந்தவருக்கு ஓராண்டு பெரிதில்லை. தவணையில் மட்டும் வேண்டாம்.

வாங்கியதும் காப்பீடு எடுங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் சர்வீஸ் செலவுக்காக மாதம் ஒரு சிறு தொகையை ஒதுக்குங்கள். சீரியல் எண்ணைக் குறித்துக்கொண்டு, ரசீதும் உத்தரவாத அட்டையும் எந்த உறையில் இருக்கின்றன என்பதை மகளிடம் இப்போதே காட்டி வைத்துவிடுங்கள்.