கர்னல் டீபக்கிங்: எதில் தொடங்குவது? (கேள்வி பதில்)

கேள்வி: சி மொழி நன்றாகத் தெரியும். லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பிழை பிடிக்கப் பழக, முதலில் எந்தக் கருவியைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

பதில்: கருவி அப்புறம். முதலில் ஊப்ஸ் செய்தியை, அதாவது கர்னல் பிழையில் சிக்கும்போது அது எழுதும் அறிக்கையை, வரிவரியாக வாசிக்கப் பழகுங்கள். 'நல் பாயின்டர்' பிழை, முகவரி ஹெக்ஸில் 18 என்று வருகிறது என்று வையுங்கள். ஏதோ ஒரு ஸ்ட்ரக்ட்டுக்கான பாயின்டரில் பூஜ்யம் இருந்திருக்கிறது, நிரல் அதன் 24ஆவது பைட்டில் இருக்கும் உறுப்பைத் தொடப் போயிருக்கிறது என்று அந்த எண்ணே பெரும்பாலும் சொல்லிவிடும். அந்த இடத்தில் இருப்பது எந்த உறுப்பு என்பதை, ஸ்ட்ரக்ட்டின் அமைப்பைக் காட்டும் பாஹோல் என்ற கருவி காட்டும். கால் டிரேஸில் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) கேள்விக்குறியோடு வரும் வரிகளை அப்படியே நம்பாதீர்கள். ஸ்டாக்கில் மிச்சம் கிடந்த பழைய முகவரிகளாக இருக்கலாம். ஊப்ஸ் வரிசையாகப் பல வந்தால் முதலாவதைப் பாருங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் விளைவுகள்தான். இந்த வாசிப்பு கைவந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கேள்வி: பழகுவதற்குத் தனி இயந்திரம் வேண்டுமா?

பதில்: வேண்டாம். கியூஎமுவும் (மெய்நிகர் இயந்திரத்தை இயக்கும் மென்பொருள்) ஜிடிபியும் (டீபக்கர்) போதும். வழக்கமாக 1234ஆம் போர்ட்டில் இணைத்துக்கொள்ளலாம். டீபக் இன்ஃபோவோடு (முகவரிகளை மூலநிரலோடு இணைக்கும் தகவல்) கர்னலை பில்டு செய்யுங்கள், கர்னலை நினைவகத்தில் தற்செயலான முகவரியில் ஏற்றும் கேஏஎஸ்எல்ஆரை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் முகவரிகள் இடம் மாறி, பிரேக்பாயின்ட் பொருந்தாது.

கேள்வி: பிரின்ட்கே (கர்னலில் செய்தி அச்சிடும் ஃபங்ஷன்) சேர்த்தால் பிழை காணாமல் போகிறது, எடுத்தால் திரும்ப வருகிறது. ஏன்?

பதில்: ரேஸ் கண்டிஷனாக, அதாவது இரண்டு த்ரெட்கள் ஒரே தரவை ஒரே நேரத்தில் தொடுவதால் வரும் பிழையாக, இருக்க வாய்ப்பு அதிகம். பிரின்ட்கே கன்சோல் வரை எழுதுவதால் நிரல் மெதுவாகி, இரண்டு த்ரெட்களும் மோதும் அந்த நொடித்துளி நழுவிப் போகிறது. அதற்குப் பதிலாக டிரேஸ் பிரின்ட்கே பயன்படுத்துங்கள். அது நினைவகத்தில் உள்ள ரிங் பஃபரில் மட்டும் எழுதுவதால் தாமதம் மிகக் குறைவு. ரேஸைக் கண்டுபிடிக்கும் கேசிசானையும், லாக்டெப்பையும் இயக்கிப் பாருங்கள். லாக்டெப் எனக்கு மிகவும் பிடித்தது: லாக்குகளை எடுக்கும் வரிசையைக் கவனித்து, டெட்லாக் (த்ரெட்கள் ஒன்றுக்கொன்று காத்து நின்றுவிடுவது) நடக்கும் முன்னரே எச்சரிக்கும்.

கேள்வி: போன வெர்ஷனில் ஓடியது, புதியதில் ஓடவில்லை.

பதில்: கிட் பைசெக்ட். கமிட்களை, அதாவது பதிவான மாற்றங்களை, பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்து, பிழையைக் கொண்டுவந்ததைக் கண்டுபிடிக்கும். 1000 கமிட் என்றாலும் சுமார் 10 சோதனைதான்.

கேள்வி: பேனிக் ஆனதும் (கர்னல் மேற்கொண்டு ஓட முடியாமல் நின்றதும்) திரை உறைந்துவிடுகிறது, பதிவு எதுவும் மிஞ்சுவதில்லை.

பதில்: கேடம்ப் அமைத்துவிடுங்கள். முன்கூட்டியே ஒதுக்கிய நினைவகத்தில் இரண்டாவது கர்னல் எழுந்து, செத்த கர்னலின் நினைவகத்தைச் சேமிக்கும். அதை க்ராஷ் கருவியில் திறக்கலாம். ஆனால் அதே பில்டின் டீபக் இன்ஃபோ கோப்பு கையில் இருக்க வேண்டும், அதனால் ஒவ்வொரு பில்டுக்கும் அதை எடுத்து வையுங்கள்.