போர் தண்ணீர், கடலோர வெயில், 2 அடி தொட்டி: என்ன செடி வைக்கலாம், என்ன மீன் விடலாம்?

கேள்வி இதுதான்: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீடு. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத்தில் தொட்டி வாங்கியாயிற்று. பிளாஸ்டிக் செடி வேண்டாம், உயிர்ச் செடிதான் வேண்டும். போர் தண்ணீர்தான் இருக்கிறது. எந்த மீன், எத்தனை விடலாம்? ஏற்கெனவே கண்ணாடிக் கிண்ணத்தில் இருக்கும் இரண்டு கோல்டு ஃபிஷ்ஷையும் இதிலேயே விட்டுவிடலாமா?

கோல்டு ஃபிஷ்ஷைக் கடைசியில் பார்ப்போம். நான் கடலூர், திருப்பாப்புலியூர் பக்கம். உங்களுக்கும் எனக்கும் வெயில் ஒன்று, தண்ணீரும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வதை விட்டுவிட்டு நம் ஊருக்கு எது ஒத்துவரும் என்று மட்டும் சொல்கிறேன்.

மீனிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதலில் தண்ணீர், அந்தத் தண்ணீருக்கு ஏற்ற செடி, அதற்குப் பிறகுதான் மீன். கடைக்குப் போய்ப் பளபளவென்று எது நீந்துகிறதோ அதை வாங்கி வந்துவிட்டு, அதற்கேற்றபடி தண்ணீரை மாற்றப் பார்ப்பது ஓயாத வேலை, செலவும் ஓயாது.

உங்கள் வீட்டில் பருப்பு வேக நேரமாகிறதா, குழாய் வாயில் வெள்ளையாக உப்புப் பூக்கிறதா, சோப்பு நுரைக்க மாட்டேன் என்கிறதா? அப்படியென்றால் கடினத் தண்ணீர். கடலோரம் என்பதால் அதோடு கடல் உப்பும் நிலத்தடியில் கலந்திருக்கலாம். இரண்டும் வேறு வேறு சமாச்சாரம். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகத்தான் காட்டும், 900 என்று வந்தால் அதில் சுண்ணாம்பு எவ்வளவு உப்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும். கடைகளில் கிடைக்கும் ஜிஹெச் (மொத்தக் கடினத்தன்மை), கேஹெச் (கார்பனேட் கடினத்தன்மை) சோதனைச் சொட்டு வாங்கினால் கடினத்தன்மை தனியாகத் தெரியும்.

வெறும் கடினத் தண்ணீர் என்றால் அப்படியே ஊற்றுங்கள், அதில் வாழ ஆசைப்படுகிற மீனும் செடியும் இருக்கின்றன. நாக்கில் கரித்தால் பாதிக்குப் பாதி ஆர்ஓ தண்ணீரோ மழைத் தண்ணீரோ கலந்துகொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடியில் பிடித்து மூடி வைத்தால் வேண்டிய அளவு கிடைக்கும். முதல் ஒன்றிரண்டு மழையை மட்டும் விட்டுவிடுங்கள், அது மாடியைக் கழுவிக்கொண்டு வரும் தண்ணீர். ஆர்ஓ மட்டுமே ஊற்றவும் கூடாது, தாது இல்லாத தண்ணீரில் பிஹெச் (அமில, காரத் தன்மையின் அளவு) ஒரு நிலையில் நிற்காது, நத்தை ஓடு கரையும். ஆர்ஓ எந்திரத்தின் கழிவுத் தண்ணீர் வீணாகிறதே என்று அதைத் தொட்டியில் ஊற்றுகிறவர்களும் உண்டு. உங்கள் போர் தண்ணீரில் இருந்த உப்பு எல்லாம் செறிந்து வருவதுதான் அது, பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தோன்றுவதில்லை. சித்திரை வைகாசியில் தொட்டித் தண்ணீர் மளமளவென்று ஆவியாகும், ஆனால் உப்பும் சுண்ணாம்பும் ஆவியாகாது, உள்ளேயேதான் இருக்கும். குறைந்ததைப் போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் இரண்டு மாதத்தில் உப்புக் குளம் ஆகிவிடும். ஆவியான அளவுக்கு மட்டும் ஆர்ஓ அல்லது மழைத் தண்ணீர். வாராவாரம் கால்வாசி எடுத்துவிட்டு மாற்றுவீர்கள் அல்லவா, அதற்குத்தான் வழக்கமான தண்ணீர்.

மணல் விஷயத்தில் ஒரு வார்த்தை. பீச் பக்கத்திலேயே இருக்கிறது என்று கடல் மணலை அள்ளி வர வேண்டாம், அதில் பாதி சிப்பித் தூளும் உப்பும். கடையில் வாங்கும் கல்லானாலும் இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்புக் கல். நன்றாக அலசிய ஆற்று மணல் வகையோ சன்னக் கூழாங்கல்லோ 2 அங்குலம் போதும். செடித் தொட்டிக்கென்று விற்கும் விலை அதிகமான அக்வா சாயிலுக்குத் தண்ணீரின் கேஹெச்சைக் குறைக்கும் குணம் உண்டு, நம் கடினத் தண்ணீரில் அந்தச் சக்தி சீக்கிரமே தீர்ந்துபோகும், காசுக்கு ஏற்ற பலன் இல்லை. சாதாரண மணலில் வேருக்குப் பக்கத்தில் உர மாத்திரை புதைத்தால் ஆயிற்று.

சரி, செடி. நம் தண்ணீருக்கு முதல் செடி வலிஸ்னேரியா, ரிப்பன் மாதிரி நீளமாக வளரும். பெரும்பாலான நீர்ச்செடிகளுக்குக் கரைந்த கார்பன் டை ஆக்சைடு வேண்டும், வலிஸ்னேரியாவும் ஹைட்ரில்லாவும் அது போதாதபோது தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட்டையே உடைத்து எடுத்துக்கொள்ளும். கடினத் தண்ணீரில் அதற்குப் பஞ்சமே இல்லை. விளக்கு எரிந்து சில மணி நேரம் கழித்து இலையை இரு விரலுக்கு நடுவில் விட்டு உருவிப் பாருங்கள், சில தொட்டிகளில் நறநறவென்று மாவு மாதிரி ஒட்டும். அது அழுக்கு அல்ல, இலை பைகார்பனேட்டை எடுத்துக்கொண்டபோது வெளியே படிந்த சுண்ணாம்பு. செடி வேலை செய்கிறது என்று அர்த்தம். நடும்போது வேரை மட்டும் புதையுங்கள், வேரும் இலையும் சேரும் வெளுத்த கழுத்துப் பகுதி மணலுக்கு மேலே தெரிய வேண்டும், அதைப் புதைத்தால் அழுகிவிடும். பிடித்துக்கொண்டால் கொடி ஓடிப் பின்பக்கம் முழுக்கத் திரை கட்டிவிடும், பிறகு நீங்கள் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நடுவில் கிரிப்டோகோரைன் வென்ட்டி, சுருக்கமாகக் கிரிப்ட். இலங்கைச் செடி, நம் சூடு அதற்குப் புதிதல்ல. நட்ட முதல் இரண்டு வாரத்தில் இலை எல்லாம் கண்ணாடி மாதிரி ஆகிக் கரைந்து விழும், செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். வேர் உயிரோடு இருக்கும், புது இலை வரும். முன்பக்கம் மரக்கட்டையிலோ கல்லிலோ அனுபியாஸ் நானா. அதன் தடித்த தண்டை மண்ணில் புதைக்கக் கூடாது, பருத்தி நூலால் கட்டிவிட்டால் நூல் மக்குவதற்குள் வேர் பிடித்துக்கொள்ளும். ஜாவா ஃபெர்னும் இதே மாதிரிதான் கட்ட வேண்டும், ஆனால் கோடையில் இலை கருத்துச் சோர்ந்துபோகும், அதனால் எனக்கு அதன்மேல் பெரிய நம்பிக்கை இல்லை. அமேசான் ஸ்வோர்ட் கடையில் சின்னதாக அழகாக இருக்கும், உங்கள் 1 அடி உயரத்துக்கு ஆறே மாதத்தில் பெரிதாகிவிடும்.

நான் கட்டாயம் சொல்வது நீர்ப்பிரம்மி. சித்த மருந்தில் ஞாபக சக்திக்குக் கொடுப்பார்களே, அதேதான். வாய்க்கால் ஓரத்தில் தரையோடு படர்ந்து கிடக்கும், லேசான உப்பையும் தாங்கும், தண்ணீருக்குள் நட்டால் நேராக நிமிர்ந்து வளரும். நீருக்கு மேல் வளர்ந்த இலை உதிர்ந்து நீருக்குள் வளரும் இலை வரக் கொஞ்ச நாள் ஆகும். வெளியிலிருந்து எடுத்தால் சில நாள் தனி வாளியில் போட்டுத் தண்ணீர் மாற்றி மாற்றி அலசிய பிறகு நடுங்கள், வயல் ஓரத்துச் செடியில் பூச்சிமருந்து இருக்கலாம்.

விளக்கு ஒரு நாளைக்கு 6, 7 மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் பாசிக்குத்தான் லாபம். திருகு டைமர் வாங்கினால் கரன்ட் போகிற நேரமெல்லாம் அது நின்றுவிடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது மீன். உங்கள் தொட்டி விளிம்பு வரை ஏறக்குறைய 56 லிட்டர், மணலும் கட்டையும் மேலே விடும் இடமும் போக 45 லிட்டர்தான் தண்ணீர். அது மட்டுமல்ல, நம் தண்ணீரில் பிஹெச் 8க்குப் பக்கத்தில் இருக்கும், சூடும் அதிகம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில் நஞ்சாக இருக்கும் பங்கு பிஹெச் 7இல் இருப்பதைப்போல் 8இல் ஏறக்குறைய பத்து மடங்கு, சூடு ஏற ஏற இன்னும் கூடும். அதனால்தான் வேறு ஊரில் 20 மீன் தாங்கும் தொட்டி இங்கே தாங்காது. எந்த எண்ணைக் கேட்டாலும் அதைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள் என்பேன்.

போர் தண்ணீர் அப்படியே என்றால் ஆண் கப்பி 6 அல்லது 7. ஆண் மட்டும். ஒரு பெண் கப்பி வந்தாலும் அது விந்தை உள்ளேயே வைத்திருந்து மாதக்கணக்கில் குட்டி போடும், பிறகு எண்ணிக்கை உங்கள் கையில் இல்லை. கப்பி வேண்டாம் என்றால் பிளாட்டி 5. இரண்டுமே கடினத் தண்ணீரை விரும்புகிறவை. மாலியும் விரும்பும், உப்பையும் தாங்கும், ஆனால் உருவம் பெரிதாகும், கழிவும் அதிகம், உங்கள் அளவுக்கு நான் சொல்ல மாட்டேன். பாசி மேய நெரைட் நத்தை இரண்டு. நன்னீரில் அதன் குஞ்சு பிழைக்காது, பெருகிவிடுமோ என்ற கவலை இல்லை, கண்ணாடியில் வெள்ளை முட்டை மட்டும் புள்ளி புள்ளியாக ஒட்டிவைக்கும்.

தனி மீன் பிடிக்கும் என்றால் ஒரே ஒரு ஆண் ஃபைட்டர், நத்தை, நிறையச் செடி. கப்பியோடு ஃபைட்டரைப் போடாதீர்கள், அந்த வாலைப் பார்த்தாலே கடிக்கும்.

ஆர்ஓ தாராளமாகக் கலக்க முடியும் என்றால் எம்பர் டெட்ரா 8, ஒரு ஹனி கௌராமி. நியான் டெட்ராவைக் கேட்காதீர்கள், அது 26 டிகிரிக்குக் கீழே சுகமாக இருக்கும் மீன், மே மாதம் உங்கள் வரவேற்பறைத் தண்ணீர் 31, 32 காட்டும். சின்ன மின்விசிறியைத் தண்ணீர்மேல் வீசவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், கடலோரப் புழுக்க நாளில் அதுவும் இறங்காது. ஏஞ்சலுக்கு உயரம் போதாது, டைகர் பார்ப் மற்ற மீனின் துடுப்பைக் கொத்தும். 'டேங்க் கிளீனர்' என்று கடைக்காரர் சேர்த்துத் தரும் சக்கர் ஃபிஷ் 1 அடிக்கு மேல் வளரும், தப்பித்தவறி ஏரியில் விட்டால் அங்கேயும் பெருகும், இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

புதுச்சேரிக்காரர் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அரியாங்குப்பம் ஆற்று மீனை வைத்து பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே 1831இல் விவரித்த சின்ன மீன் ஒன்று இருக்கிறது, சூடோஸ்ஃப்ரோமெனஸ் குப்பானஸ். இரண்டரை அங்குலம்கூட வராது, வால் நடுவில் முள் மாதிரி கூர்ந்திருக்கும், வயல் வாய்க்காலிலும் குட்டையிலும் கிடக்கும். ஃபைட்டருக்குச் சொந்தக்கார மீன், காற்றை நேராக மூச்சாக எடுக்கும், நம் வெயில் இதற்குப் பிறந்த வீட்டு வெயில். சாதாரண நாளில் பழுப்பாக ஒன்றுமில்லாததுபோல் இருக்கும், முட்டையிடும் சமயத்தில் பெண் மீன் ஏறக்குறைய முழுக் கறுப்பாக மாறிவிடும், ஆண் இலைக்கு அடியில் நுரைக்கூடு கட்டும். கிடைத்தால் ஒரு ஜோடி மட்டும் விட்டு, வேறு மீனே இல்லாமல் வைத்துப் பாருங்கள். கடையில் அரிதாகத்தான் வரும். வாய்க்காலில் பிடித்தது என்றால் சில வாரம் தனியாக வைத்து நோய் இல்லை என்று பார்த்த பிறகு விடுங்கள், தொட்டிக்கு மூடியும் போடுங்கள், துள்ளும்.

எதை விட்டாலும் இன்றைக்கே விடாதீர்கள். செடி நட்டு, ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடவிட்டு, 4 முதல் 6 வாரம் காத்திருங்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஸ்பாஞ்சில் குடியேற அவ்வளவு நாள் ஆகும். நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அவர் ஸ்பாஞ்சைப் பிழிந்த அழுக்குத் தண்ணீரை வாங்கி ஊற்றுங்கள், நாள் குறையும். அப்புறம் மூன்று மீன், இரண்டு வாரம் கழித்து மீதி.

ஸ்பாஞ்ச் ஃபில்டர் என்று சொன்னதற்குக் காரணம் புயல். 2011 டிசம்பர் 30இல் ‘தானே’ புயல் வந்தபோது எங்கள் பக்கம் பல நாள் கரன்ட் இல்லை, 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் உங்கள் ஊர்ப் பக்கம்தான் கரையைக் கடந்தது. ஸ்பாஞ்ச் ஃபில்டரை பேட்டரி ஏர் பம்பில் மாட்டி ஓட்டலாம், பெரிய மோட்டார் ஃபில்டரை அப்படி ஓட்ட முடியாது. கரன்ட் இல்லாத நாளில் தீனி போடாதீர்கள், வளர்ந்த மீன் சில நாள் பட்டினி தாங்கும். ராத்திரியில் செடியும் ஆக்சிஜனை எடுக்கும் என்பதால் பம்ப்பை இரவில் ஓட்ட வைத்துக்கொண்டு, பகலில் ஜன்னல் வெளிச்சம் படும்படி பார்த்துக்கொண்டால் பேட்டரி நாள் வரும். ஆறு கப்பி இருக்கும் தொட்டி இதைத் தாண்டிவிடும். இருபது இருந்தால் சந்தேகம்.

கோல்டு ஃபிஷ்: இந்தத் தொட்டியில் வேண்டாம். செடியை மேயும், மணலைக் கிளறி வேரைப் பிடுங்கும், கழிவு கப்பியைவிடப் பல மடங்கு. அதற்காகக் கிண்ணத்திலேயே விட்டுவைக்கவும் கூடாது. வராண்டாவிலோ கிணற்றடியிலோ நிழல் இருந்தால் 200 லிட்டர் சிமெண்ட் தொட்டி ஒன்று வைத்து, ஏர் பம்ப் மாட்டி, அதில் விடுங்கள், கொசுப் புழுவையும் தின்றுவிடும். புதுச் சிமெண்ட் என்றால் சுண்ணாம்பு இறங்கி பிஹெச் எகிறும், இரண்டு மூன்று வாரம் தண்ணீர் நிரப்பி, கொட்டி, திரும்ப நிரப்பி, பிஹெச் 8.5க்குக் கீழே வந்து நின்ற பிறகு விடுங்கள்.