சிபிலிஸ் டெஸ்ட் மெஷினில் ரியாக்டிவ், வி.டி.ஆர்.எல்.-இல் இல்லை: முதலில் டி.பி.எச்.ஏ. எடுங்கள்

நண்பரே, மூன்று மாதக் கர்ப்பமான மனைவிக்கு மெஷினில் பார்த்த சிபிலிஸ் (உடலுறவால் பரவும் பால்வினை நோய்) டெஸ்ட் ரியாக்டிவ் 1.4, அதாவது பாசிட்டிவ், அதே நோய்க்கான இன்னொரு ரத்தப் பரிசோதனையான வி.டி.ஆர்.எல். நான்-ரியாக்டிவ், வீட்டில் சண்டை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் சண்டையை நிறுத்துங்கள், இந்த ரிப்போர்ட்டை வைத்து யாரையும் சந்தேகப்படவே முடியாது.

மெஷின் தேடுவது சிபிலிஸ் கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் ஆன்டிபாடியை. பெரும்பாலான மெஷின்களில் 1-ஐத் தொட்டாலே ரியாக்டிவ் என்று அச்சாகிவிடும், 1.4 எல்லையை ஒட்டிய அளவுதான், இப்படி வருவதில் நிறைய பொய் பாசிட்டிவ். ஆனால் எப்போதோ வந்து மருந்தில் குணமான தொற்றாக இருந்தாலும் இந்த ஆன்டிபாடி பெரும்பாலும் ஆயுசுக்கும் இருக்கும், புதிதாகத் தொற்றிய ஆரம்ப நாட்களிலும் வி.டி.ஆர்.எல். நெகட்டிவ் காட்டலாம். அதனால் டாக்டரிடம் சொல்லி, அந்த ஆன்டிபாடியை வேறு முறையில் பார்த்து உறுதிசெய்யும் டி.பி.எச்.ஏ. டெஸ்ட் எடுங்கள், அதுவும் நெகட்டிவ் என்றால் அநேகமாகப் பொய் பாசிட்டிவ்தான், சில வாரம் கழித்து இன்னொரு முறை பார்க்கச் சொல்லலாம். பாசிட்டிவ் வந்து, முன்பு சிகிச்சையே எடுக்கவில்லை என்றால் பென்சத்தின் பென்சிலின், ஒவ்வொன்றும் 24 லட்சம் யூனிட், வாரம் ஒன்றாக 3 ஊசி போடுவார்கள், கர்ப்பத்தில் குழந்தையைக் காப்பதும் பென்சிலின்தான். அப்போது நீங்களும் டெஸ்ட் எடுக்க வேண்டும், அவரை மட்டும் அனுப்பாதீர்கள்.